நான்கு மூலைகளில் நிற்கும் கட்டில்

கட்டில் பார்வைக்குப் பெரிய பொருள், செய்முறையில் எளியது. பீரோவுக்குக் கதவு வேண்டும், மேசைக்கு இழுப்பறை வேண்டும், நாற்காலிக்குச் சாய்ந்த கால்களும் வளைந்த முதுகும் வேண்டும். கட்டிலுக்கு இவை எதுவும் இல்லை. நேரான நான்கு கால்கள், அவற்றை இணைக்கும் நான்கு சட்டங்கள், மெத்தையைத் தாங்க வரிசையாகச் சில ரீப்பர்கள், தலைமாட்டில் ஒரு தடுப்பு. அவ்வளவுதான். மரவேலை பழகத் தொடங்கியவர் ஒரு ஸ்டூலைச் செய்து முடித்த கையோடு ஒற்றைக் கட்டிலுக்குப் போகலாம்.

ஆனால் அந்த எளிமைக்குள் ஒரு கண்டிப்பு உண்டு. படுத்தவர் புரளும்போதும், விளிம்பில் உட்கார்ந்து எழும்போதும், பிள்ளைகள் ஏறிக் குதிக்கும்போதும் எழும் விசை முழுவதும் காலும் சட்டமும் சேரும் மூலையில்தான் போய் விழுகிறது. கட்டிலின் சட்டம் முறிவது அரிது. மூலை தளர்வதுதான் வழக்கம். இரவில் கிறீச்சிடும் கட்டில் என்றால், அதன் ஏதோ ஒரு மூலையில் மரமும் மரமும் உரசுகின்றன என்று பொருள். புதிதாகச் செய்கிறவர் தம் கவனத்தில் முக்கால் பங்கை அந்த நான்கு மூலைகளுக்குக் கொடுத்தால், மற்ற இடங்களில் நேரும் சிறு பிழைகளைக் கட்டில் பொறுத்துக்கொள்ளும்.

கயிற்றுக் கட்டில் செய்த தச்சர்கள் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்திருந்தார்கள். காலில் துளையிட்டு, சட்டத்தின் முனையைச் சீவி அதில் செருகிவிடுவார்கள். ஆணி இல்லை, பசை இல்லை. மேலே இழுத்துப் பின்னிய கயிறு எதிரெதிர்ச் சட்டங்களை உள்நோக்கி இழுத்தபடியே இருப்பதால் மூலைகள் தாமாகவே இறுகி நிற்கும். கயிறு தொய்ந்தால் கால்மாட்டில் இழுத்துக் கட்டினால் போதும், படுக்கையோடு மூலையும் இறுகிவிடும். மெத்தை போடும் மரக்கட்டிலில் அந்தக் கயிறு இல்லை. அது செய்த வேலையைக் கழுந்து எனப்படும் செருகுமுனையும் பசையும் போல்ட்டும் செய்தாக வேண்டும்.

வேலை மெத்தையிலிருந்து தொடங்குகிறது. கடைகளில் ஒற்றை மெத்தை 72, 75, 78 அங்குல நீளங்களில் கிடைக்கிறது. அகலம் பெரும்பாலும் 36 அங்குலம். மெத்தையை வாங்கி, டேப்பால் அளந்த பிறகே மரத்தை அறுப்பது நல்லது. உறையில் எழுதிய அளவும் உள்ளிருக்கும் மெத்தையும் அரை அங்குலம் வித்தியாசப்படுவது உண்டு. இங்கே 75-க்கு 36 மெத்தையை எடுத்துக்கொள்ளலாம். விரிப்பைச் செருகக் கை நுழைய வேண்டும் என்பதால் சுற்றிலும் அரை அங்குலம் விட்டு, கட்டிலின் உள்ளளவை 76-க்கு 37 என்று வைத்துக்கொள்வது வசதி.

புதியவர்கள் தவறாமல் இடறும் இடம் இதற்கு அடுத்தது. இரண்டரை அங்குலக் கனமுள்ள காலில் ஒன்றேகால் அங்குலச் சட்டத்தை வெளிப்பக்கம் சமமாகப் பொருத்தினால், காலின் மீதிப் பகுதி உள்ளே துருத்திக்கொண்டு மெத்தையின் மூலையைத் தின்றுவிடும். சட்டத்தின் உள்முகத்தையும் காலின் உள்முகத்தையும் சமமாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. கால் முழுவதும் வெளியே ஒதுங்கிவிடும். உள்ளே சுத்தமான செவ்வகம் கிடைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. காலிலிருந்து கால்வரை தெரியும் சட்டத்தின் நீளமே உள்ளளவாக ஆகிவிடுவதால், நெடுஞ்சட்டம் 76, குறுக்குச்சட்டம் 37 என்று கணக்கு எளிதாகிறது. மொத்த வெளியளவு 81-க்கு 42 அங்குலம். அறையில் அந்த இடத்தைச் சாக்பீஸால் தரையில் வரைந்து, கதவு திறக்கிறதா, பீரோ திறக்கிறதா என்று பார்த்துவிடுவது அரை மணி நேர வேலை.

உயரத்துக்கு உட்காருகிறவரின் முழங்கால்தான் அளவு. மெத்தையின் மேல்பரப்பு 18 முதல் 20 அங்குலத்துக்குள் இருந்தால் முதியவர்களும் சிரமமின்றி எழுவார்கள். ஆறு அங்குல மெத்தை என்றால் ரீப்பரின் மேல்முகம் 13 அங்குலத்திலும், சட்டத்தின் மேல்விளிம்பு அதைவிட ஓர் அங்குலம் உயர்ந்து 14-லும் நிற்கலாம். அப்போது கட்டிலுக்கு அடியில் ஏறக்குறைய ஒன்பது அங்குலம் கிடைக்கும். துடைப்பமும் மாப்பும் தாராளமாகப் போய்வரும்.

அடுத்து மரம். முதல் கட்டிலுக்குத் தேக்குதான் வேண்டும் என்பதில்லை. தேக்கு இழைப்புளிக்கு இணங்கும், கோணாது, அதன் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. இவை எல்லாம் உண்மைதான். ஆனால் விலை உயர்ந்த மரத்தில் பழகினால் ஒவ்வொரு வெட்டிலும் கை தயங்கும். வேம்பு உறுதியானது, அதன் நார் திசை மாறி மாறி ஓடுவதால் இழைக்கும்போது பிய்ந்துவரும், பழகாத கைக்குச் சோதனை. வேங்கை நன்றாக உழைக்கும். ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும் என்பதால் விரிப்புக்கு ஆகாது, பாலிஷ் அழுத்தமாக வேண்டும். ரப்பர் மரம் வெளிர்நிறம், சீரான நார். பூச்சிக்கு மருந்தேற்றிப் பதப்படுத்தியதாக இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். இறக்குமதிப் பைன் மிருதுவானது, கைரம்பத்துக்கே வழிவிடும், பழகுவதற்கு அதைவிட நல்ல மரம் இல்லை. மென்மரம் என்பதால் அதில் ஸ்க்ரூவை அடிக்கடி கழற்றி மாட்டினால் பிடிப்பு போய்விடும், அவ்வளவுதான் குறை.

எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் ஈரம் இரண்டு விதமாக இருக்கிறது: உயிரணுக்களின் உள்ளறையில் நிற்கும் நீர், அவற்றின் சுவரில் ஊறிய நீர். முதலாவது வெளியேறும்போது மரத்தின் எடை குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நீளவாக்கில் கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில்தான் தெரியும், அதிலும் வளையத்தை ஒட்டி ஓடும் திசையில் சுருங்குவது, மரத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காயக் காயப் பலகை ஒருபக்கமாகக் குவிந்து வளைவது இதனால்தான். காய்ந்த பிறகும் மரம் ஓய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், கோடையில் அதை விட்டுச் சுருங்கும். ஓரடி அகலப் பலகை ஓராண்டுக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகன்று குறுகுவது சாதாரணம்.

நிழலில், இடையே ரீப்பர் வைத்து அடுக்கிக் காயவிட்டால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. சூளையில் உலர்த்திய மரம் சில வாரங்களில் அந்த நிலைக்கு வந்துவிடும். ஈரமானியில் 12 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்குப் பொருத்தம். கருவி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. வாங்கிய மரத்தின் முனையில் கையளவு துண்டை அறுத்து, சமையலறை டிஜிட்டல் தராசில் எடைபோட்டு, வாரம் ஒரு முறை குறித்துவர வேண்டும். எடை குறைந்துகொண்டே போனால் மரம் இன்னும் காய்கிறது. இரண்டு மூன்று வாரம் மாறாமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

மரவாடியில் மரத்தைப் பார்த்து எடுக்க வேண்டும், ஆளனுப்பி வாங்கக் கூடாது. பலகையின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து நீளவாக்கில் பார்த்தால் வளைவும் முறுக்கும் தெரிந்துவிடும். வளைந்ததை இழைத்து நேராக்கலாம். முறுக்கியதை ஒதுக்கிவிடுவதே மேல். நெடுஞ்சட்டத்தின் நடுப்பகுதியில் கீழ்விளிம்பை ஒட்டிக் கணு இருக்கக் கூடாது, சட்டம் முறிவதாக இருந்தால் அங்கேதான் முறியும். வெளுத்த புறமரத்தில் மாவுச்சத்து இருப்பதால் துளைப்பூச்சி அதைத்தான் தேடி வரும். வைரம் பாய்ந்த பகுதியே காலுக்கும் சட்டத்துக்கும் ஏற்றது.

அளவு கன அடியில் சொல்லப்படும். ஒரு கன அடி 1,728 கன அங்குலம். அறுத்த அளவில் இந்தக் கட்டிலுக்கு வேண்டியவை: மூன்றுக்கு மூன்றில் 37 அங்குலக் கால் இரண்டு, 18 அங்குலக் கால் இரண்டு, ஒன்றரைக்கு ஐந்தில் 78 அங்குல நெடுஞ்சட்டம் இரண்டு, 42 அங்குலக் குறுக்குச்சட்டம் இரண்டு, தலைமாட்டின் மேல்சட்டம் ஒன்றரைக்கு மூன்றில் ஒன்று, தலைமாட்டுப் பட்டிகள் ஆறு, தாங்குவதற்கு ஒன்றரைக்கு ஒன்றரை ரீப்பர் இரண்டு, மெத்தைக்கு அடியில் ஒன்றுக்கு மூன்று ரீப்பர் 14. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் 5,200 கன அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது மூன்று கன அடி. கழிவுக்கும் தவறுக்கும் அரை கன அடி சேர்த்து வாங்கலாம். பெரும்பாலான மரவாடிகளிலேயே அறுத்து இழைத்தும் தருவார்கள். முதல் வேலையில் அந்த உதவியை வாங்கிக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை. இயந்திரத்தில் இழைத்த சட்டம் நேராகவும் ஒரே கனமாகவும் இருப்பது மூலைகளுக்குத்தான் நன்மை.

ஐந்து அங்குலச் சட்டத்தை ஏன் நிறுத்திவைக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. சுமைக்கு வளையாமல் நிற்கும் விறைப்பு, சட்டத்தின் அகலத்தோடு நேர்விகிதத்தில் கூடுகிறது. உயரத்தோடு மும்மடியாகக் கூடுகிறது. உயரத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. ஒன்றரைக்கு ஐந்து மரத்தைப் படுக்கப்போடுவதைவிட நிறுத்திவைத்தால் 11 மடங்கு விறைப்பு கிடைக்கிறது. மரம் அதே மரம்தான்.

கருவிகள் அதிகம் வேண்டாம்: கைரம்பம், மூலைமட்டம், அரை அங்குல உளியும் ஓர் அங்குல உளியும், கொட்டாப்புளி, இழைப்புளி, டிரில், நான்கு கிளாம்ப். உளியைத் தீட்டத் தெரிந்திருப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். மொக்கை உளிதான் கையை வெட்டும், ஏனென்றால் அதற்குத்தான் பலம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. மரத்தூள் நுரையீரலுக்கும் மூக்குக்கும் கேடு என்பது மருத்துவம் உறுதிசெய்த உண்மை. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

இனி மூலை. மரம் நெடுக்காக அடுக்கிய நுண்குழாய்களின் கட்டுபோன்றது. சட்டத்தின் அறுத்த முனையில் அந்தக் குழாய்களின் வாய்கள் திறந்திருக்கும். அங்கே பசை தடவினால் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆணி அடித்தால் நார்களுக்கு நடுவே புகுந்து வழுக்கிவிடும். சட்டத்தைக் காலில் முட்டவைத்துப் பசையும் ஆணியும் போட்ட கட்டில் ஆறு மாதத்தில் ஆடுவது இதனால்தான். கழுந்து இதை மாற்றுகிறது. சட்டத்தின் முனையை நாக்குபோல மெலிதாக்கி நீட்டுவது கழுந்து. அது போய் அமரக் காலில் வெட்டும் நீள்சதுரக் குழி துளை. கழுந்தின் இரு கன்னங்களும் நாரின் பக்கவாட்டு முகங்கள், பசை அங்கே நன்றாகப் பிடிக்கும். கழுந்தின் அடியில் படியாக நிற்கும் தோள் காலில் அழுந்தி, சட்டம் ஆடாமல் தடுக்கும்.

குறுக்குச்சட்டங்களுக்கு இந்தக் கழுந்து. கனம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது விதி. அரை அங்குல உளி இருப்பதால் அரை அங்குலமாக வைத்துக்கொள்ளலாம். நீளம் ஒன்றரை அங்குலம், மேலும் கீழும் அரை அங்குலம் தோள். முதலில் துளை, பிறகு கழுந்து என்ற வரிசை மாறக் கூடாது. கழுந்தைச் சீவித் துளைக்குப் பொருத்தலாம், துளையைக் கழுந்துக்குப் பொருத்துவது கடினம்.

கோடு போடுவதில்தான் பாதி வேலை. நான்கு கால்களையும் அடிப்பக்கம் ஒன்றாக முட்டவைத்து, கிளாம்பால் சேர்த்துப் பிடித்து, மூலைமட்டத்தால் நான்கின் குறுக்கேயும் ஒரே கோடாகக் கீற வேண்டும். தனித்தனியாக அளந்தால் நான்கும் நான்கு விதமாக இருக்கும். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு. கூரான கத்திக் கீறலுக்கு இல்லை, உளியின் விளிம்பும் அதில் தானாகப் போய் உட்காரும். கோட்டுக்கு முன்பே ஒவ்வொரு காலின் தலையிலும் இடம், வலம், உள்முகம் எது என்று எழுதிவைக்க வேண்டும். நான்கு கால்களையும் ஒரே கைவாட்டில் வெட்டிவிட்டு, கோக்கும்போது இரண்டு கால்கள் வெளிப்பக்கம் பார்த்து நிற்பதைக் கண்டு திகைப்பது புதியவர்களுக்கு நேரும் பெரிய நஷ்டம்.

துளைக்கு முதலில் டிரிலால் வரிசையாகக் குழிகள் போட்டு, பிறகு உளியால் சுவர்களை நேராக்கலாம். தலைமாட்டுக் கால்களில் மேல்சட்டத்தின் துளை நுனிக்கு வெகு அருகில் வருவதால், கொட்டாப்புளி விழும்போது நுனி பிளந்துகொள்ளும். காலை 37 அங்குலமாக விட்டுவைத்தது இதற்காகத்தான். ஒட்டிக் காய்ந்த பிறகு அந்த ஓர் அங்குலத்தை அறுத்து எறிந்துவிடலாம். கழுந்து கையால் அழுத்தினால் பாதி போய், கொட்டாப்புளியின் மெல்லிய தட்டில் மீதி இறங்க வேண்டும். ஓங்கி அடித்தால்தான் இறங்குகிறது என்றால் கால் பிளக்கும். தொட்டதும் விழுகிறது என்றால் பசையால் அதைக் காப்பாற்ற முடியாது.

தலைமாட்டில் ஒரே அகலப் பலகையைப் பசை போட்டு அடைத்துவிடக் கூடாது. மழைக்கும் வெயிலுக்கும் அது அகன்று குறுக இடம் இல்லாமல் வெடிக்கும், அல்லது சட்டத்தைப் பிதுக்கும். ஆறு பட்டிகளை நிமிர்த்தி, மேலும் கீழும் சட்டத்தில் வெட்டிய பள்ளங்களில் பசையில்லாமல் செருகிவிட்டால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு அசையும், வெளியே தெரியாது.

நெடுஞ்சட்டங்களைப் பசையால் ஒட்டுவதில்லை. 81-க்கு 42 அங்குலக் கட்டில் மாடிப்படியில் திரும்பாது. வீடு மாறும்போது கழற்ற வேண்டும். எனவே மூலைக்கு இரண்டாக எட்டு போல்ட்கள், 8 மி.மீ. கனம், 120 மி.மீ. நீளம். ஒரே போல்ட் போட்டால் சட்டம் அதைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். இரண்டு இருந்தால் திரும்ப முடியாது. போல்ட்டின் தலையும் வாஷரும் அமர, காலின் வெளிப்பக்கம் அரை அங்குல ஆழத்துக்குக் குடைந்துவிட வேண்டும். சட்டத்தின் உள்முகத்தில், முனையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, நட்டும் வாஷரும் உட்காரச் சிறு குழிகள். காலில் முதலில் துளைத்துவிட்டு, சட்டத்தை அதன் இடத்தில் கிளாம்பால் இறுக்கி, காலின் ஓட்டையையே வழிகாட்டியாக வைத்து டிரிலைச் சட்டத்துக்குள் செலுத்தினால் இரண்டும் தவறாமல் ஒன்றுசேரும். போகும் வழியில் டிரில் குறுக்குச்சட்டத்தின் கழுந்தையும் துளைக்கும். பசை நன்றாகக் காய்ந்திருந்தால் அது நன்மைதான், போல்ட் அந்தக் கழுந்துக்கே பூட்டாகிவிடுகிறது.

ஒட்டும்போது முதலில் பசையில்லாமல் ஒருமுறை முழுதாகக் கோத்துப் பார்த்துவிட வேண்டும். வெள்ளை மரப்பசை பத்து நிமிடங்களில் இறுகத் தொடங்கும். அதற்குள் கிளாம்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. தலைமாடு ஒன்று, கால்மாடு ஒன்று எனத் தனித்தனியே ஒட்டி, சமதளத்தில் கிடத்தி, ஒரு நாள் விட்டுவைக்கலாம். கிளாம்ப் போதவில்லை என்றால் கயிற்றை இரண்டு சுற்றாகக் கட்டி, நடுவே குச்சியைக் கொடுத்து முறுக்கினால் அதே வேலையைச் செய்யும். பிதுங்கும் பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்த பசையின் மேல் பாலிஷ் ஏறாது, அந்த இடம் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும்.

ரீப்பர்களுக்கான தாங்கி, நெடுஞ்சட்டத்தின் உள்முகத்தில் மேல்விளிம்பிலிருந்து ஒன்றேமுக்கால் அங்குலம் கீழே, பசையும் எட்டு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்தப்படும். இரண்டும் ஒரே திசையில் நார் ஓடும் மரங்கள் என்பதால் இங்கே பசை பயமின்றிப் போடலாம். 14 ரீப்பர்களை இரண்டரை அங்குல இடைவெளியில் பரப்பினால், இரு கோடியிலும் முக்கால் அங்குலம் விட்டு 76 அங்குலம் கச்சிதமாக நிரம்பும். அந்த இடைவெளி வழியாக மெத்தைக்கு அடியில் காற்று ஓடும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது. ரீப்பர்களை வெறுமனே வைத்துவிடாமல், முதல், நடு, கடைசி ரீப்பர்களையாவது ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நீளமான சட்டங்கள் நடுவில் வெளிப்பக்கம் விரிந்து ரீப்பர் நழுவும். ஸ்க்ரூவுக்கு முன் சிறு துளை போடாவிட்டால் ரீப்பரின் நுனி பிளக்கும். இரட்டைக் கட்டில் என்றால் இந்த ரீப்பர்கள் மட்டும் போதாது. நீளவாக்கில் ஒரு நடுச்சட்டமும் அதற்குத் தரையைத் தொடும் காலும் தேவை.

உப்புத்தாள் வேலையைக் கோப்பதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது: 80, 120, 180 என்ற வரிசையில், எப்போதும் நார் ஓடும் திசையில். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, பாலிஷ் போட்டதும் பளிச்சென்று தெரியும். அரக்குப் பாலிஷ் புதியவருக்கு இணக்கமானது. ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசினால் சில நிமிடங்களில் காயும், பிழையை மேலேயே திருத்தலாம். சூடான தம்ளரை வைத்தால் மட்டும் தடம் விழும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. காயும்போது அந்த எண்ணெய் வெப்பத்தை வெளிவிடும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைத்துவிட்டோ தண்ணீரில் முக்கிவிட்டோதான் எறிய வேண்டும். கால்களின் அடிமுனை கண்ணில் படாத இடம். ஆனால் தரை துடைக்கும் தண்ணீரை அந்தத் திறந்த குழாய்கள்தான் உறிஞ்சுகின்றன. அங்கே இரண்டு மூன்று முறை பாலிஷை ஊறவிட்டு, விளிம்பைச் சற்றே சரித்து இழைத்துவிட்டால், கட்டிலை இழுக்கும்போது சிலாம்பு பெயராது.

அறைக்குள் கோத்ததும் உள்மூலையிலிருந்து எதிர் உள்மூலைக்கு அளந்து பார்க்க வேண்டும். 76-க்கு 37 செவ்வகத்தில் இரண்டு மூலைவிட்டங்களும் 84½ அங்குலம் வரும். ஒன்று நீண்டு மற்றது குறுகினால், நீண்ட மூலைகளை உள்ளே தள்ளிவிட்டுப் போல்ட்டை இறுக்கலாம். கட்டில் தரையில் ஆடினால் உடனே காலை அறுக்கக் கூடாது. கட்டிலை அறையின் வேறோர் இடத்துக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். அதே கால் மறுபடியும் தூக்கி நின்றால் கால் குட்டை. அங்கே ஆட்டம் நின்றுவிட்டால் முதல் இடத்தின் தரையில் பள்ளம், அட்டைத் துண்டு போதும்.

புதுக் கட்டிலின் மரம் அந்த அறையின் காற்றுக்குப் பழக ஒரு மழையும் ஒரு கோடையும் ஆகும். பங்குனி, சித்திரை வெயிலில் சட்டமும் காலும் சற்றே மெலிந்து, போல்ட்களின் பிடி விட்டிருக்கும். 13 மி.மீ. ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் கால் சுற்று இறுக்கினால் போதும். வாஷர் மரத்துக்குள் புதையும்வரை முறுக்க வேண்டியதில்லை.